ஊர் முடங்கிய நாளில் யாரிடம், எப்படிக் கேட்பது? யாழ்ப்பாணத்தில் முதன்முறையாக உதவி தேடுவோருக்கான செய்முறை விளக்கம்

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை கொரோனாவால் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, எங்கள் ஒழுங்கையில் பெரும்பாலான வீடுகளில் ஒரு வாரத்துக்குப் போதுமான அரிசி இருந்தது. கிணற்றில் தண்ணீரும் வளவில் முருங்கையும் தேங்காயும் இருந்தபடியால் முதல் வாரம் எவரும் பெரிதாகக் கலங்கவில்லை. இரண்டாம் வாரத்தில் ஒரு வீட்டில் குழந்தைக்குப் பால்மா முடிந்தது. இன்னொரு வீட்டில் நீரிழிவுக் குளிசை முடிந்தது. நாட்கூலிக்குப் போகும் மேசன் ஒருவரின் வீட்டில் காசே முடிந்தது. அப்போது ஊர்ச் சனசமூக நிலையத்தின் செயலாளராக இருந்த எனக்கு வந்த அழைப்புகளில் பாதிக்கு மேற்பட்டவை "யாரிட்டக் கேக்கிறது?" என்ற ஒரே கேள்வியோடுதான் வந்தன. உதவி வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அது பட்டியல்களின் வழியாக வந்தது. பட்டியலில் பெயர் எப்படி ஏறுகிறது என்பது பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் மருதனார்மடம் சந்தையில் கொரோனாத் தொற்றுக் கொத்தணி உருவானபோதும், 2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சல் பரவியபோதும் அதே கேள்விதான் திரும்பவும் என்னிடம் வந்தது. ஆகவே, இதுவரை எவரிடமும் உதவி கேட்டுப் பழக்கமில்லாதவர்களை மனதில் வைத்து இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதலாவது படி: தேவையை ஒரு தாளில் எழுதுங்கள்

தொலைபேசியை எடுப்பதற்கு முன் கொப்பித்தாள் ஒன்றை எடுங்கள். "எங்களுக்கு ஒண்டும் இல்லை" என்று சொல்பவருக்கு உதவ நினைப்பவர் கூட எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்பார். எங்கள் ஒழுங்கையில் ஓர் அம்மா எழுதித் தந்த தாள் ஏறத்தாழ இப்படி இருந்தது:

"வீட்டில் 5 பேர். வயது 71, 44, 40, 9, 1. அரிசி 4 நாளுக்கு உண்டு. பால்மா நாளையோடு முடியும். அப்பாவின் பிறஷர்க் குளிசை 6 நாளுக்கு உண்டு, கிளினிக் திகதி அடுத்த செவ்வாய். காஸ் பாதி. தண்ணீர்ப் பிரச்சினை இல்லை. வருமானம் மூன்று கிழமையாக இல்லை."

இந்தச் சில வரிகளில் எது இன்றைக்கு, எது அடுத்த கிழமைக்கு, எது யாருக்கு உரிய வேலை என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. பால்மாவை அன்று மாலையே அயலவர் ஒருவர் கொடுத்தார். குளிசைக்கு வைத்தியசாலையோடு பேச ஆறு நாள் கையில் இருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் "எத்தனை நாளுக்கு" என்று எழுதுவதை மட்டும் மறக்க வேண்டாம்.

இரண்டாவது படி: உங்கள் வீடு எந்தெந்தப் பிரிவுகளுக்குள் வருகிறது என்று அறிந்துகொள்ளுங்கள்

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்களும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவுக்கும் "ஜே" என்ற எழுத்தோடு ஓர் எண் உண்டு. அந்த எண்ணை மனப்பாடம் செய்துவிடுங்கள், ஏனென்றால் எந்த அலுவலகத்துக்குப் பேசினாலும் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

புதியவர்கள் அதிகம் குழம்புவது பிரதேச செயலகத்தையும் பிரதேச சபையையும் ஒன்றென்று நினைப்பதால்தான். நிவாரணம், கொடுப்பனவு, அனர்த்த உதவி ஆகியவை மாவட்டச் செயலகத்தின் கீழுள்ள பிரதேச செயலகத்துக்கு உரியவை. குப்பை, வடிகால், பவுசரில் தண்ணீர், சந்தை ஆகியவை உள்ளூராட்சி சபைக்கு உரியவை. நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து அது மாநகர சபையாகவோ, நகர சபையாகவோ, பிரதேச சபையாகவோ இருக்கும். இரண்டின் எல்லைகளும் எப்போதும் பொருந்தி வருவதில்லை. நல்லூர்ப் பிரதேச செயலகத்தின் கீழ் வரும் சில வீடுகள் மாநகர சபை எல்லைக்குள் இருப்பது இதற்கு நல்ல உதாரணம். மூன்றாவதாக, நோய் சம்பந்தப்பட்ட எதுவும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு உரியது. இந்த மூன்று அலுவலகங்களின் தொலைபேசி எண்களையும், கிராம அலுவலர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர் ஆகியோரின் எண்களையும் நோயில்லாத காலத்திலேயே கேட்டெழுதிக் குசினிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். கைபேசியில் மட்டும் வைத்திருந்தால், மின்சாரம் இல்லாத நாளில் சார்ஜ் போய்விட்டால் எண்களும் போய்விடும்.

மூன்றாவது படி: உங்கள் பதிவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

இந்தப் படியில் சற்று நின்று செல்ல வேண்டும், ஏனெனில் நான் கண்ட மனவருத்தங்களில் பெரும்பாலானவை இங்கிருந்தே தொடங்கின. 2020 ஏப்ரலில் 5,000 ரூபாய்க் கொடுப்பனவு வழங்கப்பட்டபோது எங்கள் பிரிவில் வாடகைக்குக் குடியிருந்த ஒரு குடும்பத்தின் பெயர் பட்டியலில் இல்லை. அவர்களுடைய வாக்காளர் பதிவும் குடும்ப அட்டையும் தீவகத்தில் இருந்த சொந்த ஊரில் இருந்தன. இங்கே கேட்டபோது "உங்கட ஊரில கேளுங்கோ" என்றார்கள்; ஊருக்குப் பேசியபோது "நீங்கள் இஞ்ச இல்லையே" என்றார்கள். ஊரடங்குக்குள் அவர்கள் எங்கே போவது? இரு பக்கமும் சட்டப்படி சரியாகவே பேசின என்பதால் யாரோடு சண்டை பிடிப்பது என்றும் எங்களுக்குத் தெரியவில்லை. கடைசியில், அவர்கள் எத்தனை மாதமாக இங்கே வசிக்கிறார்கள் என்று வீட்டுக்காரரிடம் கடிதம் வாங்கி, மின்கட்டணப் பட்டியலின் பிரதியையும் இணைத்து, சொந்த ஊரில் கொடுப்பனவு பெறவில்லை என்று அங்குள்ள அலுவலர் தொலைபேசியில் உறுதிப்படுத்திய பிறகே அவர்களின் பெயர் சேர்க்கப்பட்டது. அதற்குப் பன்னிரண்டு நாள் சென்றது.

எனவே, வாடகை வீட்டில் இருப்பவர்களும், கலியாணம் முடித்து வேறு ஊருக்கு வந்தவர்களும், படிப்புக்காக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களும் இப்போதே தாம் வசிக்கும் பிரிவின் கிராம அலுவலரைச் சந்தித்துத் தமது பெயரைக் குடியிருப்போர் விபரத்தில் சேர்க்கும்படி கேட்க வேண்டும். போகும்போது தேசிய அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை இருந்தால் அது, வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுக்காரரின் கடிதம், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றைப் பிரதிகளோடு கொண்டுசெல்லுங்கள். அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு வங்கிக் கணக்குக்கே வருவதால் செயலில் உள்ள கணக்கு ஒன்று எப்படியும் தேவை.

நான்காவது படி: கிராம அலுவலருடன் பேசுதல்

எங்கள் ஊர்களில் விதானையார் என்றும் ஜி.எஸ். என்றும் சொல்லப்படும் கிராம அலுவலருக்கு நெருக்கடி நாளில் நூற்றுக்கணக்கான அழைப்புகள் வரும். ஆகவே ஒரு நிமிடத்துக்குள் முடியும்படி பேசிப் பழகுங்கள். இப்படிப் பேசலாம்:

"வணக்கம் ஐயா. பிள்ளையார் கோயில் ஒழுங்கையில மூன்றாம் வீடு, குடும்ப அட்டை எங்களிட்ட இருக்கு. வீட்டில ஐஞ்சு பேர், கைக்குழந்தை ஒண்டு. மூண்டு கிழமையா வேலை இல்லை. உலர் உணவுப் பொதிக்கு எங்கட பேர் பதிஞ்சிருக்கோ எண்டு பாத்துச் சொல்லுவீங்களோ? இல்லையெண்டால் என்ன கொண்டு வரவேணும்?"

கடைசி இரண்டு கேள்விகளும்தான் முக்கியம். "உதவி செய்யுங்கோ" என்றால் "பாப்பம்" என்ற பதில் வரும். பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்ற பதில் வந்தே ஆக வேண்டும். பேசிய திகதியையும் கிடைத்த பதிலையும் முதலாவது படியில் எழுதிய தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீடு தனிமைப்படுத்தப்பட்டால் யார் பொதி தருவார்கள் என்பதை அறிவித்தல் ஒட்ட வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமே கேளுங்கள். கொரோனாக் காலத்தில் அவ்வாறு அடைக்கப்பட்ட குடும்பங்களுக்கு இரண்டு வாரத்துக்கென 10,000 ரூபாய் பெறுமதியான உலர் உணவுப் பொருட்கள் பிரதேச செயலகங்கள் ஊடாக வழங்கப்பட்டன. பரிசோதகரின் பதிவு செயலகத்துக்குச் சென்றால்தான் பொதி புறப்பட்டது.

ஐந்தாவது படி: நோய், மருந்து, தண்ணீர்

உயிருக்கு ஆபத்து என்றால் எந்தப் படியும் தேவையில்லை. 1990 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018ஆம் ஆண்டிலிருந்து வடக்கிலும் இயங்குகிறது. ஒழுங்கைகளுக்குப் பெயர்ப்பலகை இல்லாத ஊர்களில் கோயில், பாடசாலை, சந்தி என அடையாளம் ஒன்றைச் சொல்லி, வீட்டு இளைஞர் ஒருவரைப் பிரதான வீதியில் நிறுத்துங்கள்.

கிளினிக் மருந்து எடுப்பவர்கள் தமது கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் உள்ள முகவரியும் தொலைபேசி எண்ணும் சரியா என்று இன்றே பார்க்க வேண்டும். 2020இல் வைத்தியசாலைகள் கிளினிக் நோயாளருக்கான மருந்துகளைத் தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்பியபோது, பழைய முகவரி வைத்திருந்தவர்களின் பொதிகள் சுற்றித் திரிந்தன. யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போக முடியாத நிலையில், தெல்லிப்பளை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளில் அருகில் உள்ளதற்குக் கொப்பியோடு போய் அதே மருந்தைக் கேட்கலாம்.

கர்ப்பிணிகளும் கைக்குழந்தை உள்ளவர்களும் குடும்பநல உத்தியோகத்தரோடு தொடர்பில் இருந்தால் திரிபோஷ, தடுப்பூசி, எடை பார்த்தல் ஆகியவை எந்த நாளில், எந்த இடத்தில் என்று வீட்டிலிருந்தபடியே அறியலாம். வயலில் இறங்குபவர்கள் மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இலவசமாகப் பெறலாம். கால்வெடிப்போடு சேற்றில் நிற்பவர் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல் நிலம்; வெள்ளம் வந்தால் மலசலகூடக் குழியில் உள்ளது கிணற்றுக்குப் போக அதிக நேரம் எடுக்காது. வெள்ளத்தில் மூழ்கிய கிணற்றை இறைத்து, பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இட்ட பிறகே பாவிக்க வேண்டும். அதுவரை உள்ளூராட்சி சபையிடம் பவுசர் கேளுங்கள். சுன்னாகம் பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருந்தமை தெரியவந்த காலத்தில் ஒழுங்கை முகப்புகளில் தாங்கிகள் வைக்கப்பட்டு, பவுசர்கள் வந்து நிரப்பின. தனி வீடாகக் கேட்பதை விட, பத்து வீட்டார் ஒப்பமிட்டுத் தாங்கி வைக்கக்கூடிய இடத்தையும் குறிப்பிட்டு எழுதினால் பவுசர் விரைவில் வரும்.

ஆறாவது படி: ஊருக்குள்ளே கேட்பது

அரச உதவி வரும்வரை இடைவெளியை நிரப்புவது ஊர்தான். சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம், கோயில் பரிபாலன சபை, பங்குத்தந்தை, பள்ளிவாசல் நிர்வாகம் என்று ஏதோ ஒன்று உங்கள் வீட்டுக்கு நடைதூரத்தில் இருக்கும். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதிக் கோயிற் சூழலில் அன்னதானம் நெடுங்கால வழக்கம். அங்குள்ள சந்நிதியான் ஆச்சிரமம் இடர்க்கால உதவிகளுக்கும் அறியப்பட்டது. யாழ் மறைமாவட்டத்தின் சமூகப் பணி அமைப்பான கரித்தாஸ் ஹியூடெக்கும் செஞ்சிலுவைச் சங்கக் கிளையும் மதம் பார்ப்பதில்லை. கூட்டுறவுச் சங்கக் கடையையும் மறக்க வேண்டாம். ஊரடங்குக் காலத்தில் தனியார் கடைகள் பூட்டிக் கிடந்தபோதும் பல ஊர்களில் அரிசியும் மாவும் சீனியும் அங்கேதான் கிடைத்தன.

கூச்சத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வயோதிபருக்கும் நலிவுற்றோருக்கும் வழங்கப்படும் மாதாந்த உதவிப்பணத்துக்கு எங்கள் சனம் "பிச்சைச் சம்பளம்" என்று பெயர் வைத்திருக்கிறது. அந்தப் பெயருக்கு அஞ்சியே விண்ணப்பிக்காமல் இருந்த இரண்டு ஆச்சிமாரை எனக்குத் தெரியும். படலைக்கு வெளியே நின்று சனம் பார்க்கப் பொதி வாங்க விரும்பாதவர்கள், "இரவில வந்து தாருங்கோ" என்று அமைப்பினரிடம் தயங்காமல் சொல்லலாம். பொதியோடு நிற்கும் படத்தை முகநூலில் போடக் கூடாது என்று கேட்பதும் உங்கள் உரிமை.

ஏழாவது படி: வெளிநாட்டில் உள்ளவர்களிடம் கேட்பது

கனடாவிலோ சுவிஸிலோ உங்கள் ஊர் ஒன்றியமோ பாடசாலையின் பழைய மாணவர் சங்கமோ இருக்கும். அவர்களிடம் தனியாள் கேட்பதை விட ஊர் அமைப்பு ஒன்றின் ஊடாகக் கேட்பது நல்லது: எத்தனை குடும்பம், என்ன பொருள், உள்ளூர்க் கடையில் என்ன விலை, யார் கணக்குக் காட்டுவார் என்ற நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். வட்ஸ்அப்பில் "உதவித்தொகை வந்திருக்கிறது, வங்கி அட்டை எண்ணைத் தாருங்கள்" என்று வரும் செய்திகளை அப்படியே அழித்துவிடுங்கள். அட்டை எண்ணையோ கைபேசிக்கு வரும் ஓ.ரீ.பி. எண்ணையோ எந்த உண்மையான அமைப்பும் கேட்காது.

எட்டாவது படி: பெயர் வராவிட்டால்

முதலில் கிராம அலுவலரிடம் காரணத்தைக் கேளுங்கள். காரணம் பொருந்தாவிட்டால் பிரதேச செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, இரண்டு பிரதிகளோடு நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை இடுவித்துக்கொள்ளுங்கள். போக முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். கடிதத்தில் அடுத்த வீட்டுக்காரருக்கு ஏன் கிடைத்தது என்று எழுத வேண்டாம். அந்த வரி அவருடைய பொதியை நிறுத்துமே தவிர உங்களுடையதைக் கொண்டுவராது.

அடைபட்ட வீட்டுக்குள் அடி உதை நடந்தால் பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929. மனம் தாங்காத இரவில் மனநல உதவிக்கு 1926. இந்த மூன்று எண்களையும் குசினிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிய தாளில் எழுத வேண்டாம், அடிப்பவரின் கண்ணில் படும். பிள்ளையின் கொப்பி மட்டையின் உட்புறத்தில் எழுதுங்கள்.