பிடிக்காத வேலையில் இருந்துகொண்டே மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி?

“இந்த வேலையே பிடிக்கவில்லை” என்று மொத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்வரை எதையும் சரிசெய்ய முடியாது. வேலையில் எது, எந்த நேரத்தில், யார் எதிரில் வாட்டுகிறது என்று தெரிந்தால்தான் அதில் கைவைக்க முடியும். ஆகவே முதலில் குறிப்பெடுங்கள்.

பத்து வேலை நாட்களுக்கு ஒரு சின்ன நோட்டு போதும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் எழுத வேண்டாம். டென்ஷன் ஏறும் ஒவ்வொரு தடவையும் நேரம், நடந்தது, உடம்பில் தெரிந்தது, 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் என ஒரே வரியில் குறியுங்கள். “11.40. வாடிக்கையாளர் எதிரில் மேனேஜர் குறுக்கே பேசினார். தாடை இறுகியது. 7.” இப்படி. “மேனேஜர் மோசம்” என்று எழுதினால் அது தீர்ப்பாகிவிடும். அடுத்து என்ன செய்வது என்பதற்கு அதில் வழி இருக்காது. இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதுவதும் உதவாது. களைப்பில் நாள் முழுக்க மோசமாகப் போனதாகவே தோன்றும்.

பத்தாவது நாள், 6-க்கு மேல் போனவற்றை மட்டும் வகை பிரியுங்கள்: வேலைப்பளு, நம் சொல்லுக்கு இடமில்லாமை, ஒரு குறிப்பிட்ட ஆள், உழைப்புக்கேற்ற சம்பளமோ மதிப்போ இல்லாதது, மனசாட்சிக்கு ஒவ்வாத வேலை. கடைசி வகைதான் நிறைய என்றால் சமாளிப்பதில் நேரம் செலவழிக்காதீர்கள், வெளியேறத் தயாராகுங்கள். மற்றவற்றில் ஏதாவது செய்யலாம்.

பளுவும் அதிகம், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையும் நமக்கு இல்லை என்ற நிலையில்தான் அழுத்தம் மிக அதிகம் என்று, வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-இல் விளக்கினார். இதில் பயன்படுத்திக்கொள்ள ஒன்று இருக்கிறது. பளுவைக் குறைக்கச் சொன்னால் பெரும்பாலும் மறுப்புதான் வரும். வேலையின் வரிசையையோ செய்யும் முறையையோ மாற்றித் தரச் சொன்னால் கிடைக்க வாய்ப்புண்டு. “சார், இந்த மூன்றில் இன்றைக்கு இரண்டுதான் முடியும். எந்த இரண்டை முடிக்கட்டும்?” என்று கேளுங்கள். வெறும் “முடியாது” மறுப்பாகத்தான் காதில் விழும்; இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். காலையிலேயே கேட்டுவிடுங்கள், பதிலை இரண்டு வரி மெயிலாக அவருக்கே அனுப்பிவையுங்கள். மாலையில் கேட்டால் சாக்குச் சொல்வதாகத் தோன்றும்.

படபடப்பு ஏறிய நொடியில் மூச்சுப் பயிற்சி உதவும். மூக்கால் 4 எண்ணும்வரை உள்ளே, 6 எண்ணும்வரை வெளியே, இரண்டு மூன்று நிமிடம். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறைகிறது; அதனால்தான் அதை நீட்டச் சொல்கிறோம். பெரிது பெரிதாக, வேகமாக இழுத்துவிட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், படபடப்பு கூடும்.

இதைவிட முக்கியம், வேலையை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருப்பது. பிடிக்காத வேலை எட்டு மணி நேரத்தோடு நிற்பதில்லை, சாப்பிடும்போதும் படுக்கும்போதும் மனதில் ஓடும். முடிக்காத வேலை இப்படித் தலைக்குள் சுற்றுவதை, அதற்கொரு தெளிவான திட்டம் எழுதுவதே பெரிதும் அடக்கிவிடுகிறது என்று 2011-இல் வந்த ஒரு உளவியல் ஆய்வு காட்டியது. எனவே கிளம்புமுன் பத்து நிமிடம் ஒதுக்கி, பாக்கி வேலை ஒவ்வொன்றுக்கும் நாளை எப்போது, எதில் தொடங்குவது என்று எழுதுங்கள். “ரிப்போர்ட்” என்று மட்டும் எழுதினால் மனம் விடாது. “9.30-க்கு ரிப்போர்ட்டின் மூன்றாம் பக்க அட்டவணையைச் சரிபார்க்க வேண்டும்” என்றால் விடும். பிறகு ஆபீஸ் மெயில், குரூப் சாட் இரண்டின் அறிவிப்புகளையும் அணைத்துவிடுங்கள். அழைப்புக்குத் தயாராக இருந்தே ஆகவேண்டிய வேலை என்றால், பார்க்கும் நேரத்தை இரவு 8 மணி என்பதுபோல் ஒன்றாக வைத்துச் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் குறை சொல்லிப் புலம்புவது முதல் கால் மணி நேரம் ஆறுதல். அதற்குமேல் போனால் அதே சண்டையை மறுபடி நடத்துவதுதான். பேச்சை அங்கே நிறுத்திவிட்டு, வேலைக்குச் சம்பந்தமில்லாத, கொஞ்சம் சிரமமான ஒன்றைக் கற்கத் தொடங்குங்கள்: ஒரு வாத்தியம், மொழி, நீச்சல், எதுவானாலும். படுத்துக்கொண்டு போனைத் தள்ளிக்கொண்டிருப்பது ஓய்வுபோலத் தோன்றும், ஆனால் மனம் ஆபீஸிலேயே இருக்கும்.

ராஜினாமாவை மோசமான நாளில் எழுதாதீர்கள். மாதச் செலவையும் கடன் தவணையையும் கூட்டி, ஆறு மாதத்துக்கு ஆகும் தொகையை இலக்காக வையுங்கள். வாரம் இரண்டு மணி நேரம் வேறு வேலை தேட ஒதுக்குங்கள். எந்தத் தேதிக்குள் எது மாறாவிட்டால் கிளம்புவது என்றும் எழுதி வையுங்கள். தேதி கையில் இருந்தால், இன்றைய நாள் முடிவில்லாததாகத் தெரியாது.

அவமானப்படுத்துதல், பாலியல் தொல்லை, மிரட்டல் இருந்தால் மேலே சொன்ன எதுவும் தீர்வல்ல. தேதி, இடம், சாட்சி எழுதிவைத்து முறையாகப் புகார் கொடுக்க வேண்டும். லீவு நாளிலும் மனம் தேறாமல், தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள்; அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, அவரோடு மருத்துவமனைக்குப் போங்கள்.