பின் ஷாக் அப்சார்பர் மாற்றுவது எப்படி: கூலிச் செலவு இல்லாமல், வீட்டிலேயே

வேகத்தடையில் ஏறி இறங்கியதும் காரின் பின்பக்கம் ஒரு தடவை அமுங்கி எழுந்து அடங்கிவிட வேண்டும். அதற்குமேலும் இரண்டு மூன்று ஆட்டம் ஆடினால் பின் ஷாக்குகள் தேய்ந்துவிட்டன என்று சந்தேகப்படலாம். மாற்றுவது கடினமான வேலை இல்லை. புது ஷாக் சீக்கிரம் கெட்டுப்போவதற்குப் பல நேரம் பொருள் காரணமாக இருப்பதில்லை, மாட்டிய விதம்தான் காரணம். அதனால் எங்கே கை தவறும் என்பதையும் சேர்த்தே இதில் சொல்கிறோம்.

முதலில், ஷாக்தான் போயிருக்கிறதா?

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக்கின் வேலை அந்த ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவது மட்டுமே. ஆகவே பின்பக்கம் எப்போதும் தாழ்ந்தே நிற்கிறது என்றால் ஷாக் வாங்கிப் பயனில்லை, ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

ஷாக்கின் உடம்பில் மேல் பகுதியில் மட்டும் லேசான எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், அது சகஜம். எண்ணெய் வழிந்து கீழ்க் கண் (போல்ட் நுழையும் வளையம்) வரை ஈரமாக இருந்தால் உள்ளே சீல் போய்விட்டது. பின் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாகத் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் டயர் தரையை விட்டு எழும்பி எழும்பி ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

காரின் மூலையைக் கையால் அழுத்திவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனையை அதிகம் நம்ப வேண்டாம். முழுக்கச் செத்துப்போன ஷாக்கை அது காட்டிக்கொடுக்கும், பாதி தேய்ந்ததைக் காட்டாது.

இன்னொன்று: மேடுபள்ளத்தில் 'லொட லொட' என்ற சத்தம் மட்டும் வந்து, ஆட்டமோ எண்ணெய்க் கசிவோ இல்லையென்றால், மேல் மவுண்ட்டின் (ஷாக்கின் மேல்முனை பாடியோடு சேரும் இடம்) ரப்பர் புஷ் மட்டும் நைந்திருக்கலாம். அதைத் தனியாக வாங்கலாம். ஷாக்கின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

உங்கள் காரில் என்ன அமைப்பு?

பின் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். ஸ்பிரிங் ஓரிடத்திலும் ஷாக் இன்னோரிடத்திலும் தனித்தனியாக இருந்தால் இந்தச் செய்முறை உங்களுக்குத்தான். பல சிறிய கார்களில் இப்படித்தான் இருக்கும்.

ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் இருந்தால் கதை வேறு. அதில் மேலே நடுவில் இருக்கும் நட்டைக் கழற்றினால், அமுக்கி வைக்கப்பட்டிருக்கும் ஸ்பிரிங் ஒரே வீச்சில் விரியும். உயிரையே வாங்கிவிடும். அந்த நடு நட்டைத் தொடாமல், சுற்றியுள்ள மவுண்ட்டிங் நட்டுகளையும் கீழ் போல்ட்டையும் மட்டும் கழற்றி, ஸ்பிரிங்கோடு மொத்தமாக வெளியே எடுங்கள். ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து, பழைய ஷாக்கிலிருந்து புதியதற்கு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள். முழு வேலையையும் அவர்களிடம் கொடுப்பதைவிட இதில் கூலி குறைவு. ஷாக்கிலிருந்து ஒயர் வருகிறதென்றால் அது எலெக்ட்ரானிக் வகை, இந்தச் செய்முறை அதற்குப் பொருந்தாது.

வாங்கும்போது

எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் தேய்ந்தது என்றால் வளைவிலும் திடீர் பிரேக்கிலும் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுக்கும்.

மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலுக்கு வருடம் மாறினால், எஞ்சின் மாறினால் ஷாக்கும் மாறலாம். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பரை உறுதி செய்துகொள்ளுங்கள். கார் கம்பெனியின் பெட்டியில்தான் வர வேண்டும் என்பதில்லை. மன்ரோ, கேஒய்பி, சாக்ஸ், கேப்ரியல் மாதிரி ஷாக் தயாரிப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களின் சரக்கு நன்றாகவே உழைக்கும், விலையும் பெரும்பாலும் குறைவு. கேஸ் ஷாக்கா, ஆயில் ஷாக்கா? வண்டியோடு வந்தது எதுவோ அதையே போடுங்கள். கரடுமுரடான பாதையில் தொடர்ந்து ஓட்டும்போது உள்ளே எண்ணெய் நுரைத்துப் பிடிப்பு தளர்வதை கேஸ் வகை நன்றாகத் தாங்கும். இரண்டையும் ஒரே ஆக்சிலில் கலக்கக் கூடாது.

பிரித்து எண்ணெய் மாற்றி வெல்டிங் வைத்து விற்கும் பழைய ஷாக்குகளைத் தொடவே வேண்டாம். காயலான் கடைச் சரக்கும் அப்படித்தான். அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்குத் தெரியும்?

ஷாக்கோடு சேர்த்து வாங்க வேண்டியவை: மேல் மவுண்ட் ரப்பர் புஷ் (இரண்டு பக்கத்துக்கும் முழு செட்), பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்காமல் தடுக்கும் ஃபோம் துண்டு) இரண்டு, புது நைலாக் நட்டுகள் (தளராமல் பிடிக்க உள்ளே நைலான் வளையம் உள்ளவை). நைலாக் நட்டை ஒரு முறை கழற்றினால் அதன் பிடிப்பு போய்விடும், திரும்பப் பயன்படுத்தக் கூடாது. டஸ்ட் கவர் கிழியாமல் இருந்தால் பழையதே போதும். பம்ப் ஸ்டாப்பில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். அந்த ஃபோம் பொடிந்திருந்தால், பெரிய பள்ளத்தில் விழும்போது ஷாக்கின் உள்ளே இரும்போடு இரும்பு மோதி வால்வு உடையும்.

கருவிகள்

ஜாக்கி இரண்டு (ஒன்று காரைத் தூக்க, ஒன்று ஆக்சிலைத் தாங்க), ஸ்டாண்ட் இரண்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, வீல் ஸ்பானர், சாக்கெட் செட், ரிங் ஸ்பானர்கள், வயர் பிரஷ், துரு இளக்கும் ஸ்பிரே, ஹேக்ஸா பிளேடு, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு பலத்தில் இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பானர்). போல்ட் தலைகள் பெரும்பாலும் 14, 17, 19 மில்லிமீட்டர் அளவுகளில் இருக்கும். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள்.

முந்தைய நாள்

கீழ் போல்ட்டிலும் மேல் நட்டிலும் வெளியே தெரியும் மரையை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரே அடித்து இரவு முழுக்க ஊறவிடுங்கள். பிரேக் டிஸ்க்கிலோ டிரம்மிலோ படாமல் பார்த்து அடிக்க வேண்டும்.

வேலை

1. கார் சமதளமான கெட்டித் தரையில் நிற்கட்டும். தூக்குவதற்கு முன், பின் சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை உள்ள உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். இந்த அளவு பிறகு கட்டாயம் தேவைப்படும்.

2. கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வையுங்கள். பின் சக்கரம் தரையை விட்டு எழும்பிய பிறகு ஹேண்ட் பிரேக் காரைப் பிடிக்காது. அந்தக் கட்டைகள்தான் பிடிக்கும். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்துங்கள்.

3. பின்பக்கத்தைத் தூக்கி, பாடியின் அடியில் கம்பெனி குறித்துள்ள இடங்களில் ஸ்டாண்டுகளை வைத்து இறக்குங்கள். ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்தால் அதை மேலும் கீழும் நகர்த்த முடியாது. காரைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அடியில் போகாதீர்கள். பிறகு சக்கரங்களைக் கழற்றுங்கள். அவற்றைப் பக்கவாட்டில் பாடிக்கு அடியில் படுக்க வைத்துவிட்டால் கூடுதல் பாதுகாப்பு.

4. வேலை செய்யும் பக்கத்தில், ஸ்பிரிங் உட்காரும் இடத்துக்கு அருகே ஆக்சிலுக்கு அடியில் இரண்டாவது ஜாக்கியை வைத்து, ஸ்பிரிங் லேசாக அமுங்கும் வரை ஏற்றுங்கள். இதைத் தவறவிடக் கூடாது. பல கார்களில் ஆக்சில் கீழே தொங்கிவிடாமல் பிடித்திருப்பதே ஷாக்தான். தாங்கல் இல்லாமல் போல்ட்டை உருவினால் ஆக்சில் சட்டென்று இறங்கி, ஸ்பிரிங் இடம் மாறி, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடும்.

5. மேல் நட்டு டிக்கியின் பக்கவாட்டு டிரிம்முக்குப் பின்னாலோ, பின் சீட்டுக்கு ஓரத்திலோ, சக்கர வளைவுக்குள்ளோ இருக்கும். கழற்றுவதற்கு முன் வாஷர், புஷ் வரிசையை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நட்டைத் திருகும்போது ராடும் (ஷாக்கின் உள்ளே ஏறி இறங்கும் கம்பி) சேர்ந்தே சுற்றும். ராடின் நுனியில் இருக்கும் தட்டையான பகுதியைச் சிறிய ஸ்பானரால் பிடித்துக்கொண்டு, ரிங் ஸ்பானரால் நட்டைத் திருகுங்கள். பிடி நழுவினால் ராடையே கிரிப் பிளையரால் பிடிக்கலாம். ஆனால் அது தூக்கிப்போடும் பழைய ஷாக்கில் மட்டும்.

6. அடுத்து கீழ் போல்ட். எடை அதன் மேல் இருந்தால் இறுக்கமாக வரும், அப்போது ஜாக்கியைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். போல்ட் சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை என்றால் புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது. மீண்டும் ஸ்பிரே அடித்து, முன்னும் பின்னும் திருகிப் பாருங்கள். அசையாவிட்டால் ஷாக்கின் கண்ணுக்கு இரு பக்கமும் போல்ட்டை ஹேக்ஸாவால் அறுத்து எடுத்துவிட்டு புது போல்ட் போடுவதுதான் வழி. நெருப்பு காட்டிச் சூடாக்கும் யோசனை வேண்டாம். பல கார்களில் பெட்ரோல் டேங்க் பக்கத்தில்தான் இருக்கிறது, பிரேக் ஹோஸ் அதைவிடப் பக்கத்தில்.

சில கார்களில் நட்டு ஆக்சிலோடு வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். அந்த வெல்டிங் விட்டுப்போனால் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். அரைச் சுற்று தளர்த்து, கால் சுற்று திரும்ப இறுக்கு, மறுபடி தளர்த்து என்று பொறுமையாகக் கழற்றுங்கள்.

7. புது ஷாக்கை அப்படியே மாட்டிவிடக் கூடாது. கடையில் படுத்துக்கிடந்ததில் உள்ளே வேலை செய்யும் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். வண்டியில் நிற்கும் வாக்கிலேயே நிமிர்த்திப் பிடித்து, ராடை மெதுவாக முழுக்க அமுக்கி, முழுக்க இழுத்து, நாலைந்து தடவை செய்யுங்கள். முதலில் இடையிடையே வெற்றாக இறங்குவது போலத் தோன்றும், பிறகு கடைசி வரை ஒரே பிடிப்பாக வரும். அதற்குப் பிறகு படுக்க வைக்காதீர்கள். கேஸ் ஷாக் தானாகவே மெல்ல நீளும், அது பழுதல்ல. பழைய ஷாக்கோடு பக்கத்தில் வைத்து நீளம், கண்ணின் அகலம், போல்ட் துளை மூன்றையும் ஒப்பிடுங்கள்.

8. பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர், கீழ் வாஷர், கீழ் புஷ் என்று ராடில் கோத்து, மேல் துளைக்குள் நுழைத்து, மேல் புஷ், வாஷர், நட்டு போட்டு நாலு மரை கையால் ஏற்றுங்கள். பிறகு ஜாக்கியை ஏற்றி இறக்கிக் கீழ்த் துளையைப் பொருத்தி, போல்ட்டைக் கையாலேயே நுழையுங்கள். புது ராடில் பிளையர் படவே கூடாது. அந்தப் பளபளப்பில் நகக்கீறல் அளவு கோடு விழுந்தாலும், ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் அது சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். மேல் நட்டுக்கு இம்பாக்ட் கன்னும் வேண்டாம்.

9. மேல் நட்டை, ரப்பர் புஷ் வாஷரின் விளிம்பு வரை பிதுங்கும் அளவுக்கு அல்லது நட்டு ராடின் படியில் போய் முட்டும் வரை இறுக்குங்கள். அதற்குமேல் நெரித்தால் ரப்பர் வெடிக்கும்.

கீழ் போல்ட்டை ஆக்சில் தொங்கும் நிலையில் இறுக்கக் கூடாது. கண்ணில் இருக்கும் ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்ளும். தொங்கும் நிலையில் பூட்டினால், கார் தரையில் நிற்கும் நேரம் முழுக்க அது பிழிந்த ஈரத்துணி மாதிரி முறுக்கியே இருந்து சீக்கிரம் கிழியும், பழைய 'லொட லொட' திரும்பி வரும். முதலில் எழுதி வைத்த அளவு வரும் வரை ஜாக்கியால் ஆக்சிலை ஏற்றி, அந்த நிலையில் இறுக்குங்கள். அளவு வருவதற்குள் பாடி ஸ்டாண்டை விட்டு எழும்பப் பார்த்தால் உடனே நிறுத்திவிடுங்கள். சக்கரத்தை மாட்டி, காரைத் தரையில் இறக்கி, கொஞ்சம் உருட்டிவிட்டு, தரையில் நிற்கும்போதே இறுக்கிக்கொள்ளலாம்.

எவ்வளவு இறுக்குவது என்பதை உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பொதுவாக மேல் நட்டுக்கான அளவு கீழ் போல்ட்டைவிட வெகுவாகக் குறைவு. இரண்டையும் ஒரே பலத்தில் இறுக்குவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

10. ஒரு பக்கம் முழுக்க முடிந்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். சக்கரங்களை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக ஏற்றி, கடைசி இறுக்கத்தைத் தரையில் வைத்துக் கொடுங்கள்.

ஓட்டிப் பார்த்த பிறகு

சுமார் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டு, கீழ் போல்ட், மேல் நட்டு மூன்றையும் மறுபடி சோதியுங்கள். மேலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் மேல் நட்டு தளர்வு, அல்லது வாஷர் வரிசை மாறியிருக்கிறது. போட்டோவோடு ஒத்துப் பாருங்கள். டயர் ஏற்கனவே திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் 'ஹூம்' என்ற இரைச்சல் நிற்காது. அது டயரின் சத்தம், புது ஷாக்கைக் குறை சொல்லாதீர்கள்.

ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக உள்ள சாதாரணப் பின் ஆக்சிலில், இந்த வேலைக்காக வீல் அலைன்மென்ட் பார்க்கத் தேவையில்லை. கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லலாம். பின் சக்கரத்தின் ஹப்பை (சக்கரம் பொருந்தும் மையப் பகுதி) ஸ்ட்ரட்டே, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக உள்ள தொகுப்பே, பிடித்திருக்கும் அமைப்பில் மட்டும் பார்த்தாக வேண்டும்.

பழைய கேஸ் ஷாக்கை அறுக்கவோ, துளையிடவோ, நெருப்பில் போடவோ கூடாது. தேய்ந்தாலும் உள்ளே அழுத்தம் மிச்சமிருக்கும். ஒரு பையில் கட்டி அப்படியே பழைய இரும்புக் கடையில் கொடுங்கள், உள்ளே கேஸ் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்.