பருவம் மாறும்போது மூலிகைக் குடிநீர் காய்ச்சுகிறவர்கள் செய்யும் தவறுகள்

2012-இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீர் என்ற சித்த மருத்துவக் கஷாயத்தை ஊர் ஊராகக் கொடுத்தது. 2020-இல் கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீர் பரவலானது. அதன்பின் முதல் மழை விழுந்ததுமே பல வீடுகளில் பொட்டலம் பிரிகிறது. பூச்சி விழுந்த பொடி, நாள் கடந்த பொடி வேண்டாம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைத் தாண்டி, புதிதாகக் காய்ச்சுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்கள் சில இருக்கின்றன.

"நல்லா கொதிச்சா போதும்"

மற்ற எல்லாத் தவறுகளையும் பொறுத்துக்கொள்ளலாம், இதை முடியாது. நல்ல சரக்கு மொத்தமும் சாக்கடைக்குப் போகிறது.

அளவு எளிது: ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் பொடி, 240 மி.லி. தண்ணீர், 60 மி.லி. ஆகச் சுண்டியதும் வடிகட்டல். நாலில் ஒன்றாகச் சுண்ட வேண்டும் என்பதைப் பிடித்துக்கொள்கிறவர்கள், மெதுவாகச் சுண்ட வேண்டும் என்பதை விட்டுவிடுகிறார்கள். அடுப்பை முழுசாகத் திறந்துவிட்டால் சில நிமிஷத்தில் தண்ணீர் ஆவியாகிவிடும். டம்ளரில் 60 மி.லி. இருக்கும், கசக்கவும் செய்யும். நிலவேம்பின் கசப்பு தண்ணீர் பட்டதுமே இறங்கிவிடும் என்பதால் மருந்து முழுசும் இறங்கிவிட்டதாகத் தோன்றும். ஆனால் நிலவேம்புப் பொடியில் கூடவே இருக்கும் கோரைக்கிழங்கும் வெட்டிவேரும் அவ்வளவு சீக்கிரம் சாரம் விடாது. வடிகட்டியில் நிற்கும் சக்கையில் ஒரு கிழங்குத் துண்டை எடுத்து நகத்தால் பிளந்து பாருங்கள். நடுவில் காய்ந்தபடியே வெளிறிக் கிடந்தால், காய்ச்சியது வீண்.

இதற்கு நேர் எதிராக, மூடி போட்டு அரைமணி நேரம் வைத்து, சுண்டாத தண்ணீரைச் சொம்பு நிறையக் குடிக்கிறவர்களும் உண்டு. குக்கரில் மூன்று விசில் விடுவதும் இதே கதைதான். ஆவி வெளியே போகாமல் எப்படிச் சுண்டும்?

சரியான முறை இது. அகன்ற வாணலியில் 60 மி.லி. அடியைக்கூட மூடாது, அடி கனமான, குறுகலான எவர்சில்வர் பாத்திரமோ மண்சட்டியோ எடுங்கள். அலுமினியம் வேண்டாம். முதலில் 60 மி.லி. தண்ணீரை மட்டும் ஊற்றி, ஒரு மூங்கில் குச்சியை நிமிர்த்தி நிறுத்தி, நனைந்த இடத்தில் கத்தியால் கீறிக்கொள்ளுங்கள். பிறகு மீதி 180 மி.லி. தண்ணீரும் பொடியும் சேர்த்து அரைமணி நேரம் ஊறட்டும். அடுப்பில் ஏற்றி, மூடாமல், ஓரத்தில் மட்டும் குமிழி வரும் சிறுதீயில் காய்ச்சுங்கள். நடுநடுவே குச்சியை விட்டுப் பார்த்து, நனைவு கீறலுக்கு இறங்கியதும் வடிகட்டுங்கள். நாலு பேருக்கென்றால் 20 கிராம், 960 மி.லி., சுண்டி 240 மி.லி. கீறலையும் 240-க்கே போட வேண்டும்.

பொடி கொரகொரப்பாக இருக்க வேண்டும். மிக்ஸியில் மாவாக அரைத்தால் அடியில் பிடித்துக் கருகும். வடிகட்டியைத் தாண்டி வண்டலாக வயிற்றுக்குள் போய்க் குமட்டும்.

மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைப்பது

வேண்டாம். காய்ச்சிய 3 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும்.

சுக்கைத் தோலோடு இடிப்பது

சரக்கு வாங்கி வீட்டிலேயே இடிக்கிறவர்களுக்கு: சுக்குக்குப் புறத்தே நஞ்சு, கடுக்காய்க்கு அகத்தே நஞ்சு. சுக்கின் தோலைச் சீவுங்கள், கடுக்காயின் கொட்டையை எடுத்துவிடுங்கள்.

எல்லாப் பருவத்துக்கும் ஒரே குடிநீர்

கபசுரத்தில் 15 சரக்குகள். சுக்கு, திப்பிலி, இலவங்கம், அக்கரகாரம் எல்லாம் சூடு. சித்த மருத்துவக் கணக்கில் கபம் பின்பனியில் (மாசி, பங்குனி) சேர்ந்து, இளவேனிலில் (சித்திரை, வைகாசி) மிஞ்சி, முதுவேனிலில் (ஆனி, ஆடி) தானாக அடங்கும். அடங்கிவிட்ட கபத்துக்கு ஆனி வெயிலில் தினமும் கபசுரம் குடித்தால் வாய்ப்புண்ணும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும், பித்த உடம்புக்காரர்களுக்கு இன்னும் சீக்கிரம். சளி, இருமல், தொண்டைக் கட்டு இல்லாதவர்கள் அதைத் தொட வேண்டியதில்லை.

நிலவேம்பை மாதக்கணக்கில் குடிப்பதும் தவறு. அது சத்து பானம் இல்லை, காய்ச்சலுக்கான மருந்து. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை மேலும் இறங்கக்கூடும். கர்ப்பிணிகள் குடிக்கவே கூடாது. எத்தனை நாள் என்பதைச் சித்த மருத்துவர் சொல்லட்டும்.

தேன்

ஆறிய பிறகு மட்டும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனே கூடாது.

சளியோடு எண்ணெய் முழுக்கு

கூடாது. குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடவும் கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடும்.

காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடுவது

டெங்குவில் ஆபத்தான நேரம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்கும். உடம்பு குளிர்ந்ததைக் குடிநீரின் வெற்றி என்று நினைத்து, அடுத்த இரண்டு நாளைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, அளவுக்கு மீறிய சோர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.