சுவரில் சாமி அலமாரி மாட்டுவதற்கு முன்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ புதிதாக வந்தவர்கள், ஊர் ஸ்குரூவும் பிளாஸ்டிக் பிளக்கும் கொண்டுவந்திருந்தால் அவை பெட்டியிலேயே இருக்கட்டும். நம் ஊரில் கருங்கல் கடைக்கால், அதன்மேல் செங்கல் சுவர். டிரில் வைத்து எங்கே துளை போட்டாலும் பிடித்துக்கொள்ளும். இங்கே சுவரைத் தட்டினால் டொக்கென்று கேட்கும். வெளியே தெரிவது பெரும்பாலும் அரை அங்குல ஜிப்சம் பலகை. பாரம் தாங்குவது அதற்குப் பின்னால் நிற்கும் மரச்சட்டம். ஸ்டட் என்பார்கள்.

நான் வந்த புதிதில் சாமி அலமாரியைச் சட்டம் பார்த்துத்தான் மாட்டினேன். ஆனால் கையில் கிடைத்த கறுப்பு ஸ்குரூவைப் போட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து, விடியற்காலையில் அலமாரி கீழே கிடந்தது. குத்துவிளக்கு நசுங்கிவிட்டது. சட்டத்தில் ஸ்குரூவின் உடல் அப்படியே இருந்தது, தலை மட்டும் முறிந்திருந்தது. போனில் சொன்னதும் அப்பா, "ஆசாரி ஒருத்தரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே சாமி" என்றார். இங்கே அதற்கு ஆளைத் தேட வேண்டும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கறுப்பு ஸ்குரூ ஜிப்சம் பலகையைச் சட்டத்தோடு பிடிப்பதற்கானது. கடினமாக்கிய எஃகு என்பதால் வளையாது. பக்கவாட்டில் பாரம் இழுத்தால் சட்டென்று முறியும். அலமாரிக்கு மர ஸ்குரூதான் வேண்டும். நம்பர் கூடக் கூடத் தடிமன் கூடும். சின்ன அலமாரிக்கு 8-ஆம் நம்பர் போதும், பாத்திரம் அடுக்குவதற்கு 10. வெளித் திண்ணையில் மாட்டுவதாக இருந்தால் துருப்பிடிக்காத பூச்சு உள்ளதை வாங்குங்கள்.

நீளத்தைக் கணக்குப் போட்டு வாங்க வேண்டும். அலமாரியைச் சுவரோடு பிடிக்கும் கிளாம்பின் தடிமன், ஜிப்சம் பலகையின் அரை அங்குலம், அதற்குமேல் மரத்துக்குள் குறைந்தது 1 முதல் 1½ அங்குலம். கூட்டினால் 2 அல்லது 2½ அங்குலம் வரும். நீளமாக இருந்தால் இன்னும் பலம் என்று 4 அங்குலம் போடாதீர்கள். மின்கம்பி சட்டத்தின் நடுவில் துளைத்துத்தான் போகும். ஸ்விட்சுக்கு நேர் மேலும் கீழும் துளை போடவே வேண்டாம். துளைக்கும்போது டிரில் இரும்பில் முட்டி நின்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது கம்பியையோ குழாயையோ காக்க அடித்த தகடாக இருக்கலாம்.

சட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு காந்தத்தைச் சுவரில் மெதுவாக நகர்த்துங்கள். பலகையைப் பிடித்திருக்கும் ஸ்குரூ இருக்கும் இடத்தில் ஒட்டும். அதே நேர்கோட்டில் மேலும் கீழும் ஒட்டினால் சட்டம் அங்கேதான். மேலிருந்து கீழ்வரை விடாமல் ஒட்டினால் அது இரும்புச் சட்டம், அதற்கு வேறு ஸ்குரூ. சட்டங்கள் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்று, சில வீடுகளில் 24. இந்தச் சட்டத்துக்கு டூ பை ஃபோர் (2-க்கு 4 அங்குலம்) என்று பெயர் இருந்தாலும் சுவர்ப்பக்கம் இருக்கும் அகலம் 1½ அங்குலம்தான். ஓரத்தில் ஸ்குரூ போனால் மரம் பிளந்துவிடும். முதலில் மெல்லிய பிட்டால் துளை போட்டுக்கொள்ளுங்கள்: 8-ஆம் நம்பருக்குச் சுமார் 2.4 மி.மீ., 10-க்கு 2.8. பிட் வெளியே வரும்போது மரத்தூள் ஒட்டியிருந்தால் சட்டம் கிடைத்துவிட்டது. வெறும் வெள்ளைப் பொடி என்றால் இடம் தவறு.

டிவிக்கு மர ஸ்குரூ பத்தாது; ஸ்பேனரால் முறுக்கும் லேக் ஸ்குரூ, பெரும்பாலும் 5/16 அங்குலத் தடிமன், ஸ்டாண்டோடே வரும்.

அப்புறம், வாடகை வீடு என்றால் துளை போடுவதற்கு முன்பே உரிமையாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது அடைக்க ஒரு சின்ன டப்பா புட்டியும் வாங்கி வையுங்கள்.