நார்மண்டி நினைவு நாள்: எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று, ஜெர்மனியின் பிடியில் இருந்த பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா முதலிய நேச நாடுகளின் படைகள் இறங்கின. டி-டே என்பது அந்த நாள்தான். ஜூன் 6 நெருங்கினால் இந்தத் தரையிறக்கத்தைப் பற்றி யாராவது ஒரு கட்டுரையோ, மேடைப் பேச்சோ, கண்காட்சிக்கு ஒரு விளக்க அட்டையோ தயார் செய்துகொண்டிருப்பார்கள். பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள்.

அதிகம் பார்ப்பது எண்ணிக்கைத் தவறு. "1944 ஜூன் 6 அன்று நேச நாட்டு வீரர்கள் 10,000 பேர் பலி" என்று எழுதிவிடுவார்கள். ஆங்கிலத்தில் வரும் 'கேஷுவல்டி' என்ற சொல்லை 'பலி' என்று மாற்றியதால் வந்த வினை இது. இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர், சிறைப்பட்டவர் எல்லாரும் அந்தச் சொல்லில் அடக்கம். 10,000 என்பது ஏறக்குறைய அந்த மொத்தக் கணக்கு. அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தின் பெட்ஃபோர்டில் உள்ள தேசிய டி-டே நினைவகம் ஒவ்வொரு பெயராகத் தேடி உறுதி செய்த இறப்புகள் 4,400க்குச் சற்று மேல்.

கல்லறைப் படத்தைப் போடும்போதும் இதே குழப்பம். கொல்வில் கடற்கரை மேட்டில் இருக்கும் அமெரிக்கக் கல்லறையில் 9,300க்கும் அதிகமானோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அத்தனை பேரும் முதல் நாளே விழுந்தவர்கள் அல்ல. பின்னர் நடந்த சண்டைகளில் இறந்தவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அடுத்தது, கூட்டு நடவடிக்கையை ஒரே நாட்டின் சாகசமாக்குவது. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு. ஓமஹா கடற்கரையை மட்டும் சொல்லிவிட்டு முடித்தால், அமெரிக்கா தனியாகப் போய் ஐரோப்பாவை மீட்டது போலாகிவிடும். கடற்கரைகள் ஐந்து. யூட்டாவும் ஓமஹாவும் அமெரிக்கர்களுடையவை, கோல்டும் சோர்டும் பிரிட்டிஷ் படையினுடையவை, ஜூனோ கனடியர்களுடையது. அன்று இறங்கிய ஏறத்தாழ 1,56,000 பேரில் சரிபாதிக்கும் மேல் பிரிட்டிஷ், கனடியப் படையினர். போர்க்கப்பல்கள் 1,213, அவற்றில் 892 பிரிட்டிஷ் கடற்படையுடையவை. அமெரிக்கரான ஐசன்ஹோவர் தலைமைத் தளபதி, சரி. ஆனால் அவருக்குக் கீழே தரைப்படைக்கு மாண்ட்கோமரி, கடற்படைக்கு ராம்சே, விமானப்படைக்கு லீ-மல்லோரி என்று மூவருமே பிரிட்டிஷ்காரர்கள். சோர்டில் இறங்கிய 177 பிரெஞ்சு கமாண்டோக்களையும், அன்று காலை மூழ்கிய நார்வே நாட்டு 'ஸ்வென்னர்' கப்பலையும், போலந்துக் கப்பல்களையும் சேர்க்க இரண்டு வரி போதும்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். ஓவர்லார்ட் என்பது நார்மண்டிப் படையெடுப்பு முழுவதற்குமான பெயர். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள ஆங்கிலக் கால்வாயைக் கடந்து கரையேறும் பகுதிக்கு மட்டும் நெப்டியூன். டி-டேயில் வரும் 'டி'க்கு 'டிசிஷன்' (தீர்மானம்), 'டெலிவரன்ஸ்' (விடுதலை) என்றெல்லாம் விளக்கம் தேட வேண்டாம். நடவடிக்கை தொடங்கும் நாளைக் குறிக்கும் ராணுவ வழக்கு அது, அவ்வளவுதான்.

படம் தேடுகிறீர்களா? வீரர்கள் கொடி நட்டும் இவோ ஜிமா புகைப்படம் இதற்கு வேண்டாம். அது 1945 பிப்ரவரியில், பசிபிக் பெருங்கடல் தீவில் எடுத்தது. ஒத்திகைப் படங்களும் தரையிறக்கப் படங்களாக உலவுகின்றன. அந்த ஒத்திகைகளும் விளையாட்டல்ல: 1944 ஏப்ரல் மாதம் இங்கிலாந்தின் ஸ்லாப்டன் கடற்கரை அருகே நடந்த ஒன்றில் ஜெர்மானியப் படகுகள் புகுந்து தாக்கியதில் 700க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள்.

அப்புறம், தொனி. "வெற்றி விழா", "கொண்டாட்டம்", "வாழ்த்துகள்" ஆகிய சொற்கள் இங்கே ஒட்டாது. நார்மண்டிச் சண்டை முடிவதற்குள், பெரும்பாலும் நேசப் படைகளின் குண்டுவீச்சிலேயே, ஏறத்தாழ 20,000 பிரெஞ்சுப் பொதுமக்கள் மாண்டார்கள். நார்மண்டியின் கான் நகரமும் சாங்-லோ நகரமும் இடிபாடுகளாயின. மீட்கப்பட்ட மக்கள் கொடுத்த விலை அது. அவர்களை விட்டுவிட்டு எழுதும் நினைவுக் குறிப்பு எனக்கு அரைகுறையாகவே படுகிறது. 'நினைவு நாள்' என்று போடுங்கள், பொருந்தும்.

ஆண்டுக் கணக்கு தனித் தலைவலி. 2024 ஜூன் 6 அன்று 80 ஆண்டுகள் நிறைவடைந்தன. அன்றே 81ஆம் ஆண்டு தொடங்கிவிட்டது. 'நிறைவு' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் குழப்பம் வராது. ஜூன் 5 அன்று நடந்ததாக எழுதுகிறவர்களும் உண்டு. முதலில் குறித்த நாள் அதுதான். வானிலை மோசமானதால் ஒரு நாள் தள்ளிப்போனது.

தேதியைத் தவறாக எழுதுவதில் உங்களுக்கு ஒரு பெரிய துணை உண்டு. தரையிறக்கம் தோற்றுப்போனால் வெளியிடுவதற்காக, பழி முழுவதையும் தன்மேல் போட்டுக்கொண்டு ஐசன்ஹோவர் முன்கூட்டியே ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தார். ஜூன் 5 என்று போட வேண்டிய இடத்தில் அவர் எழுதியது ஜூலை 5. அந்தச் சீட்டு இன்றும் அதே தேதியோடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.