தாட்பூட் கொடியைத் திரைச்சீலையில் படரவிடுவது எப்படி?

திரைச்சீலைத் துணியில் அச்சடிக்கத் தாட்பூட் (பேஷன் ஃப்ரூட்) வடிவம் வரைகிறீர்களா? பூவை விடுங்கள், கொடியில் ஆரம்பியுங்கள். கொடைக்கானலில் எங்கள் வேலி முழுக்கத் தாட்பூட் கொடிதான். முதல் தடவை அதன் பூவில் மயங்கி, கட்டத்தின் (துணி முழுக்கத் திரும்பத் திரும்ப அச்சாகும் சதுரம்) நடுவில் பெரிதாக ஒன்றைப் போட்டு அச்சடித்தேன். ஜன்னலில் மாட்டியதும் எல்லாப் பூவும் வரிசை கட்டி நின்றன. தைத்துக் கொடுத்த அக்கா, "என்னம்மா, போலீஸ் பரேடா?" என்றார்.

பூவா, கொடியா என்ற இந்தச் சண்டை விக்டோரியா கால இங்கிலாந்திலும் நடந்தது. நாற்காலித் துணி, கம்பளம் எங்கும் நிழல் போட்ட குண்டு ரோஜாக்கள். 1856-இல் ஓவன் ஜோன்ஸ் என்ற வடிவமைப்பாளர், பூவை அப்படியே நகலெடுக்காதீர்கள், அதன் அமைப்பை எடுங்கள் என்றார். துணி வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் தண்டை நெளியவிட்டே கட்டம் முடியும் இடத்தை மறைத்தார்.

முதலில் கொடியை அரைமணி நேரம் பாருங்கள். இலைக்காம்பு தண்டில் சேரும் கணுவில்தான் பற்றுக்கம்பி சுருண்டு கிளம்பும். மொட்டும் அங்கேதான் வரும். இதை மாற்றிப் போட்டால் தாட்பூட் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். இலையை மூன்று மடலாக, வெறும் கோட்டில் வரையுங்கள். நிழல் வேண்டாம்.

இப்போது கட்டத்துக்கு 30 செ.மீ. சதுரம் போடுங்கள். மேல் விளிம்பில் வெளியேறும் தண்டு கீழ் விளிம்பில் நேர்கீழே நுழையட்டும். பக்கவாட்டில் மட்டும் பாதி இறக்கம்: வலது விளிம்பில் மேலிருந்து 5 செ.மீ.யில் போன தண்டு, இடது விளிம்பில் 20 செ.மீ.யில் வர வேண்டும். டிரேசிங் தாளில் பிரதி எடுத்து, பக்கத்தில் 15 செ.மீ. இறக்கி வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். பூவைக் கடைசியில், தண்டு வளையும் இடங்களில் வையுங்கள். மிச்சமுள்ள ஓட்டைகளுக்குப் பற்றுக்கம்பி போதும்.

பிரதிகளை அப்படியே சுவரில் ஒட்டி, எட்டடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வெள்ளையாக ஒரு சந்து ஓடினால் அங்கே இலை குறைகிறது.

நிறத்தைக் குறைவாக வையுங்கள். மோரிஸின் 1883 'ஸ்ட்ராபெரி தீஃப்' துணியில், முதலில் முழுக்க அவுரி நீலம் ஏற்றி, வேண்டிய இடத்தில் வெளுத்து, பிறகு சிவப்பும் மஞ்சளும் அச்சிட்டார்கள். வெளிர்நீலத்தின் மேல் மஞ்சள் விழுந்தால் பச்சை. நான் நிறத்துக்கு ஒன்றாக இரண்டு அச்சுக்கட்டையோடு நிறுத்திக்கொள்கிறேன். இங்கே பனியில் ஒரு நிறம் காய்வதற்குள் பொறுமை போய்விடும்.

தையல்காரரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். துணியின் அகலத்தில் கட்டம் ஒற்றைப்படையில் வந்தால், பக்கத்தில் தைக்கும் அடுத்த துணித் துண்டை 15 செ.மீ. இறக்கித்தான் இணைக்க முடியும். அந்த அளவு துணி கூடுதலாக வேண்டும்.