கைய தூக்குனா தோள் வலிக்குதா, சுளுக்குனு நீவிட்டே இருக்காதீங்க

பனியன் கழட்டும்போதுதான் எனக்கு முதல்ல தெரிஞ்சுது. ரெண்டு நாளா சீலிங்குக்கு நானே பெயின்ட் அடிக்கிறேன்னு ரோலர தூக்கிட்டு நின்னேன், மூணாவது நாள் கை காது பக்கமே போகல. வாயுப் பிடிப்புனு அம்மா பூண்டு உரிச்சுக் குடுத்தாங்க, நானும் சுளுக்கு எடுக்கிறவர்கிட்ட போய் நல்லா ஒரு இழுப்பு வாங்கிட்டு வந்தேன், அன்னைக்கு ராத்திரி அந்தப் பக்கம் சாய்ஞ்சு படுக்கவே முடியல.

தோள் மூட்டுங்கிறது சின்னத் தட்டுல பெரிய பந்து உக்காந்த மாதிரி. அது நழுவாம நடுவுல புடிச்சு வைக்கிறது நாலு சின்னத் தசை, அதோட நாண்கள், அதாவது தசைய எலும்போட சேத்துக் கட்டுற கயிறு மாதிரி நார், பந்தச் சுத்தி உறை மாதிரி மூடியிருக்கும், அதுக்குத்தான் ரொட்டேட்டர் கஃப்னு பேரு. அதிகமா அடிவாங்குறது அந்த நாலுல மேல இருக்க சுப்ராஸ்பைனேட்டஸ்ங்கிற தசையோட நாண். வயசு கூடக் கூட நாண் தேயும், இல்ல பழக்கமே இல்லாத வேலைய திடீர்னு குடுத்தா கோவிச்சுக்கும்.

உங்களுக்கு இதுதானான்னு பாக்க கைய பக்கவாட்டுல மெதுவா தூக்குங்க. ஆரம்பத்துல ஒண்ணும் இல்லாம, 60ல இருந்து 120 டிகிரிக்குள்ள சுருக்குனு புடிச்சு, அதுக்கு மேல விட்டுப்போச்சுன்னா பெரும்பாலும் இதுதான். வலி தோள் மேல இல்லாம ஊசி போடுற இடத்துல, மேல்கை வெளிப்பக்கமா தெரியும்.

அடுத்து முழங்கைய இடுப்போட ஒட்டி மடக்கி வச்சுட்டு, வேற ஒருத்தர விட்டு முன்னங்கைய வெளிப்பக்கமா திருப்பச் சொல்லுங்க. அவங்க திருப்பியும் பூட்டு போட்ட மாதிரி நின்னா அது ஃப்ரோசன் ஷோல்டரா, அதாவது மூட்டே இறுகிப்போனதா இருக்கலாம், சுகர் இருக்கவங்களுக்கு ஜாஸ்தி வரும், அதுக்கு வைத்தியம் வேற. வலி முழங்கைக்குக் கீழ இறங்கி விரல் மரத்துப்போச்சுன்னா கழுத்தப் பாக்கணும். கீழ விழுந்து கையே தூக்க முடியலைன்னாலோ, காய்ச்சலோட தோள் வீங்கினாலோ தள்ளிப்போடாம டாக்டர்கிட்ட போங்க. தோள்வலியோட நெஞ்சு அழுத்தம், வேர்வை, மூச்சுத்திணறல்னா நேரா 108தான்.

முதல் ஒண்ணு ரெண்டு வாரம் தலைக்கு மேல கை போற வேலைய மட்டும் நிறுத்துங்க. அதுக்காக தூளி கட்டித் தொங்க விட்டுடாதீங்க, அசைக்காம வச்சா மூட்டு இறுகிடும். படுக்கும்போது நல்ல பக்கமா படுத்து, வலிக்கிற கைக்கு ஒரு தலைகாணிய கட்டிப்புடிச்சுக்கோங்க, எனக்கு மாத்திரைய விட இதுதான் தூக்கம் குடுத்துச்சு. வலி மாத்திரை போடுறதுன்னா அல்சர், கிட்னி, பிபி இருக்கவங்க டாக்டர கேட்டுட்டுப் போடுங்க.

உண்மையான வைத்தியம் பயிற்சிதான். முதல்ல சுவத்துக்குப் பக்கவாட்டுல நின்னு, முழங்கைய இடுப்போட ஒட்டி 90 டிகிரி மடக்கி, புறங்கையால சுவத்தத் தள்ளுங்க, பாதி பலம் போதும், பத்து எண்ணுற வரைக்கும், பத்து தடவை. அது சுலபமானதும் ரப்பர் பேண்ட ஜன்னல் கம்பியில கட்டி, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவுல ஒரு துண்டச் சுருட்டி வச்சு, கைய வெளிப்பக்கமா இழுங்க, திரும்பி வரும்போது இன்னும் மெதுவா விடுங்க. பத்து பத்தா மூணு தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பேண்ட் இல்லைன்னா நல்ல பக்கமா ஒருக்களிச்சுப் படுத்து அரை லிட்டர் தண்ணி பாட்டில புடிச்சு அதே மாதிரி திருப்பலாம். செய்யும்போது பத்துக்கு மூணு நாலு வலி இருந்தா பரவால்ல, மறுநாள் காலையிலயும் அது குறையலைன்னா எடையக் குறைங்க. எப்படியும் 12 வாரம் ஆகும், மூணாவது வாரத்துல ஒண்ணுமே மாறலையேன்னு விட்டுடறவங்கதான் அதிகம், நானும் ஒரு தடவை விட்டேன்.

எக்ஸ்ரேயில நாண் தெரியாது. எம்ஆர்ஐ எடுத்து அதுல கிழிசல்னு எழுதியிருந்தாலும் உடனே பயந்துடாதீங்க, 60 வயசுக்கு மேல வலியே இல்லாத நிறைய பேருக்கும் கிழிசல் இருக்கும். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் ஆத்தும், சுகர கொஞ்ச நாள் ஏத்தும், திரும்பத் திரும்பப் போட்டா நாணுக்கு நல்லதில்ல. கிழிசல் இல்லாத வலிக்கு, நாணுக்கு மேல இருக்க எலும்ப சீவி விடுற ஆபரேஷனும் உண்டு, ஆனா 2017ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்த பிரிட்டன் ஆராய்ச்சியில சீவினவங்களுக்கும், உள்ள கேமரா மட்டும் விட்டுப் பாத்தவங்களுக்கும் வலியில பெருசா வித்தியாசம் இல்ல. விழுந்து முழுசா அறுந்த கேஸ் வேற, அதுக்கு ஆபரேஷன் தேவைப்படலாம், லேட் பண்ணக்கூடாது.

நான் துணிக்கொடிய ஒரு அடி இறக்கிக் கட்டினேன், தோள் சரியாகியும் இன்னும் மேல ஏத்தல.